ஐந்து நட்சத்திரத்துக்கான பதில்

இல்லை, நான் விளம்பரம் கொடுக்க வரவில்லை. வேலை கேட்டும் வரவில்லை. காபி வேண்டாம், அந்த இயந்திரம் போடுகிற சத்தத்தைக் கேட்டாலே அதன் காபி எப்படி இருக்கும் என்று தெரிகிறது. உங்கள் பெயர் நித்திலா என்று கழுத்து அட்டையில் போட்டிருக்கிறது. உட்காருங்கள், நித்திலா. எதிரில் நிற்பவர்களிடம் பேசியே பழகியவள் நான். ஆனால் இன்று கேட்க வந்திருக்கிறேன். கேட்பவள் உட்கார்ந்து, சொல்பவர் நின்றால் சரிப்படாது.

ஒரே ஒரு கேள்வி. பீளமேட்டில் ஒரு பல் மருத்துவ மையம் இருக்கிறது. அதன் இணையப் பக்கங்களை உங்கள் நிறுவனம்தான் கவனித்துக்கொள்கிறது. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் உங்கள் பெயரும் முகவரியும் இருந்தன. எதையும் கடைசி வரி வரைக்கும் படிப்பவள் நான். அந்த மையத்துக்குக் கூகுளில் ஐந்து நட்சத்திரம் கொடுத்து ரிவ்யூ எழுதியிருக்கிறேன். மாதந்தோறும் அதைத் திருத்தி எழுதுகிறேன். திருத்தும்போதெல்லாம் பதில் வருகிறது. இதோ, நீங்களே படியுங்கள். "தங்கள் அன்பான வார்த்தைகளுக்கு நன்றி. நேரம் கிடைக்கும்போது அவசியம் வாருங்கள். தங்களுக்காக எங்கள் கதவு எப்போதும் திறந்திருக்கும்."

இதை எழுதுவது டாக்டர் இளம்பரிதியா, நீங்களா?

அவ்வளவுதான் கேள்வி. அவன் என் மகன். ஒன்றரை ஆண்டாக என்னோடு பேசுவதில்லை. கைபேசியில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. இந்தப் பதில் அவனுடையது என்றால், இங்கிருந்து நேராக அங்கே போகலாம் என்று இருக்கிறேன். வாசலில் இருக்கும் அந்தப் பை என்னுடையதுதான். நடக்கிற வழியில் இருந்தால் நகர்த்திவையுங்கள்.

வாடிக்கையாளர் விஷயத்தை வெளியே சொல்லக் கூடாதா? நல்ல விதி. விதியை மதிப்பவர்களை எனக்குப் பிடிக்கும். சொல்ல வேண்டாம். முதலில் நான் சொல்வதைக் கேளுங்கள், பிறகு சொல்லலாமா என்று முடிவு செய்யுங்கள். உங்கள் தொழிலுக்கும் பயன்படும். சுவரில் 'பிராண்டு என்பது வாக்குறுதி' என்று எழுதி மாட்டியிருக்கிறீர்களே, அதைப் பார்த்ததுமே உங்களுக்கு யாரும் இதைச் சரியாகக் கற்றுக்கொடுக்கவில்லை என்று புரிந்துகொண்டேன். பிராண்டு என்பது ஒழுக்கம். வாக்குறுதியை யாரும் கொடுக்கலாம்.

என் பெயர் மங்கையர்க்கரசி. புதுக்கோட்டையில் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். நான் பொறுப்பேற்கும்போது அந்தப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்க ஆள் இல்லை. ஓய்வு பெறும்போது சேர்க்கைக்கு மந்திரியின் பரிந்துரையோடு வந்து நின்றார்கள். என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. காலாண்டில் தோற்ற பிள்ளைகளைக் காலை வழிபாட்டில் மேடையில் நிறுத்தி மதிப்பெண்ணை உரக்க வாசிப்பேன். ஆண்டுத் தேர்வில் தேறிய பிறகு அதே பிள்ளையை அதே மேடையில் நிறுத்தி, பழைய மதிப்பெண்ணையும் புதிய மதிப்பெண்ணையும் சேர்த்து வாசிப்பேன். முன்பு இப்படி, இப்போது இப்படி. ஊரே பேசியது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்திகூட எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. தலை குனிந்து நிற்பார்கள். அவ்வளவு அடக்கம்.

சரி, மகன் விஷயத்துக்கு வருகிறேன்.

இளம்பரிதி படித்து முடித்துக் கீழ ராஜ வீதியில் மருத்துவமனை தொடங்கினான். கை நல்ல கை. வாய்தான் கிடையாது. நோயாளி வந்தால் பார்ப்பான், முடிப்பான், அனுப்புவான். "மறுபடி எப்ப வரணும் டாக்டர்?" என்று கேட்டால், "வலிச்சா வாங்க" என்பான். வலித்தால் வா என்று சொல்கிறவனிடம் யார் வருவார்கள்? எதிர்ச்சாரியில் பெரிய நிறுவனம் ஒன்று கண்ணாடிச் சுவர் போட்டுக் கிளை திறந்தது. இவனுடைய நாற்காலியில் பாதி நாள் ஆளே இல்லை.

திருச்சியிலிருந்து உங்களைப் போல ஒரு நிறுவனத்தாரை வரவழைத்தேன். பொன்னிறத் தலைமுடியுடன் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரிக்கிற படத்தைப் போட்டு 'உங்கள் புன்னகை, எங்கள் பெருமை' என்று எழுதினார்கள். புதுக்கோட்டையில் அந்தப் பெண்ணை யாருக்குத் தெரியும்? அவள் பல்லை நம்பி யார் வருவார்கள்? அவர்களை நிறுத்திவிட்டு நானே பொறுப்பேற்றேன். இணையத்தில் இருந்த பாடங்களை எல்லாம் குறிப்பெடுத்துப் படித்தேன். ரீல் எப்படி எடுப்பது, எந்த நேரத்தில் போடுவது, சுற்று வட்டாரத்துக்கு மட்டும் விளம்பரத்தை எப்படிச் செலுத்துவது, எல்லாம். மருத்துவமனையின் எல்லாக் கணக்குகளையும் என் பெயரில் தொடங்கி, பாஸ்வேர்டையும் நானே வைத்துக்கொண்டேன். ஒரு பள்ளிக்கு ஒரு சாவிக்கொத்துத்தான் இருக்க வேண்டும்.

மகன் சிரித்தான். "அம்மா, நீங்க பேசினா மைக் இல்லாமலே ஆண்டு விழா மாதிரி இருக்கு. கேக்கறவங்க எந்திரிச்சு நின்னுருவாங்க," என்றான். நின்றார்கள் என்பதுதான் உண்மை. குறைந்த நட்சத்திரம் கொடுத்தவர்களுக்கு நானே பதில் எழுதினேன். 'காத்திருக்க வைத்தார்கள்' என்று ஒருவர் எழுதினார். குறித்த நேரத்துக்கு வராமல் தாமதமாக வந்தது அவர்தான் என்பதை நேரத்தோடு எழுதினேன். 'வலித்தது' என்று ஒருவர். பல்லை இந்த நிலைக்கு விட்டதற்கு அவர் முதலில் தம்மைத்தான் குறை சொல்ல வேண்டும் என்று எழுதினேன். அதன் பிறகு குறை எழுதுவதே நின்றுபோயிற்று. வருவதும் குறைந்தது என்று ஆரோக்கியமேரி சொன்னாள். அங்கே வரவேற்பில் இருந்த நர்ஸ். அவளுக்கு எதிலும் பயம்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? சரி, சரி. தண்ணீர் குடியுங்கள்.

பிறகு நான் யோசித்தேன். பள்ளியில் எது பலித்ததோ அதுதான் இங்கும் பலிக்கும். முன்பு இப்படி, இப்போது இப்படி. மகன் ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்துக் கணினியில் வைத்திருந்தான், தன் குறிப்புக்காக. அவற்றில் சிறந்ததை வெள்ளிக்கிழமைதோறும் போடுவதென்று முடிவு செய்தேன். முறை தெரியாதவள் அல்ல நான். பத்திரிகைகளில் செய்வதுபோல் கண்களின் மேல் கறுப்புப் பட்டை வைத்தேன். பெயர் போடவில்லை. இதில் என்ன பிழை?

முதல் வாரத்திலிருந்தே நல்ல வரவேற்பு. அப்போதுதான் நர்மதாவின் படம் கண்ணில் பட்டது.

நர்மதா என் பள்ளியில் படித்தவள். சிறு வயதில் மாட்டுவண்டியிலிருந்து விழுந்து முன்பற்கள் உடைந்து கறுத்துப்போயிருந்தன. வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசுவாள். "கையை எடுத்துப் பேசு, நர்மதா" என்று நானே பலமுறை அதட்டியிருக்கிறேன். எடுக்க மாட்டாள். அப்படியே படித்து, பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர் ஆகிவிட்டாள். எப்படி மூன்றாம் வரிசைக்குக் கேட்குமாறு பாடம் நடத்தினாளோ, எனக்குத் தெரியாது.

அவள் பற்களை இளம்பரிதி மாதக்கணக்கில் பார்த்தான். வேறு யாருக்கும் அப்படிப் பார்த்ததில்லை. நிறம் சரியில்லை என்று செயற்கைப் பல் செய்பவரிடம் ஒரே பல்லை மூன்று தடவை திரும்பச் செய்துதரச் சொன்னான். கட்டணமும் வாங்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "விடுங்கம்மா" என்றான். தொழிலின் தொடக்கத்தில் சிலருக்கு இலவசமாகச் செய்வது விளம்பர முறைகளில் ஒன்றுதான், ஆகவே விட்டேன். சிகிச்சை முடிந்த பிறகும் அவள் வந்துகொண்டிருந்தாள். சனிக்கிழமை மாலைகளில் வருவாள். பல்லில் கோளாறு ஒன்றும் இருக்காது. வரவேற்பில் உட்கார்ந்து ஆரோக்கியமேரியோடு பேசுவாள், கடைசி நோயாளி போகும்வரை இருப்பாள். உள்ளே அவன் சிரிக்கிற சத்தம் கேட்கும். வலித்தால் மட்டும் வா என்கிறவனிடம் வலியில்லாமல் ஒருத்தி வருகிறாள் என்றால், அதற்கு வாடிக்கையாளர் விசுவாசம் என்று பெயர். பாடங்களில் இதைத்தான் பிராண்டின் உச்சம் என்று சொல்லியிருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த விசுவாசத்தை நம்பித்தான் அவள் படத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

ஆரோக்கியமேரி மட்டும், "மேடம், இது வேணாம் மேடம். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க. இல்ல, அந்தப் பொண்ணுகிட்டயாவது," என்றாள். பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டா மேடையில் நிறுத்தினேன்? வியாழன் அன்றே போட்டு, ஊர் முழுவதற்கும் விளம்பரமாகச் செலுத்தினேன். மறுநாள் காலைக்குள் எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் காணாத எண்ணிக்கை. ஆயிரக்கணக்கில் பார்த்திருந்தார்கள். பகிர்ந்திருந்தார்கள். நான் காபிகூடக் குடிக்காமல் எண் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பகிர்ந்தவர்களில் பெரும்பாலோர் அவளுடைய மாணவர்கள் என்று பிறகு தெரிந்தது. முதல் படத்தை மட்டும் வெட்டி எடுத்து, வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கராகச் செய்து, வகுப்புக் குழுவில் போட்டிருக்கிறார்கள். கரும்பலகையிலும் வரைந்து வைத்திருந்தார்களாம். பிள்ளைகளை அடக்கத் தெரியாத கல்லூரி. அதற்கு நான் என்ன செய்வது?

அன்று மாலையே எங்கள் பக்கத்தில் அவள் பெயரில் ஒரு நட்சத்திரம் விழுந்தது. ஒரே வரி. 'என்னிடம் கேட்டிருக்கலாம்.'

நித்திலா, நீங்களே சொல்லுங்கள். ஊரே பார்க்கிற நேரத்தில், அதிகம் பேர் வந்துபோகிற பக்கத்தில், இப்படி ஒரு வரி கிடந்தால் பதில் எழுதாமல் விடலாமா? மறுமொழி இல்லாத குற்றச்சாட்டு ஒப்புதலாகிவிடும். எழுதினேன். ஒரு சுடுசொல் இல்லை. 'தங்களுக்கு மாதக்கணக்கில் கட்டணமே பெறாமல் டாக்டர் தனிக் கவனத்துடன் சிகிச்சை அளித்தார். சிகிச்சை முடிந்த பின்னும் சனிக்கிழமைதோறும் தாங்கள் வந்து சென்றதை அனைவரும் அறிவர். அப்போது இருந்த நன்றி இப்போது எங்கே?' இவ்வளவுதான். உண்மையைத் தவிர ஒரு சொல் சேர்க்கவில்லை.

ஏன் நெற்றியில் கை வைத்துக்கொள்கிறீர்கள்?

ஊர் அதை வேறுவிதமாகப் படித்தது. ஊர் எதைத்தான் ஒழுங்காகப் படித்தது? அவளுடைய அண்ணன் ஓசூரில் இருக்கிறான். வந்து, ஒரே நாளில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்கவைத்து, அழைத்துக்கொண்டு போய்விட்டான். கைபேசி எண்ணும் மாறிவிட்டதாம். சில மாதங்களில் அங்கேயே யாருக்கோ திருமணம் செய்து கொடுத்துவிட்டார்கள் என்று ஆரோக்கியமேரி சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். மற்றவர் வீட்டுத் திருமணத்துக்கு இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மகனா? அவள் அந்த வரியை எழுதிய மறுநாள் வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தப் போஸ்ட்டை எடுங்கம்மா."

"எந்தப் போஸ்ட்?"

"உங்களுக்குத் தெரியும்."

"இதுவரைக்கும் நாம் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான்."

"அதனாலதான் எடுங்கங்கறேன்."

"எடுத்தால் தவறு செய்தோம் என்று ஆகிவிடும்."

"தவறுதாம்மா."

"கண்ணை மறைத்திருக்கிறேன். பெயர் போடவில்லை. யாரால் அடையாளம் காண முடியும்?"

அவன் சொன்னான்: "அவ தெருவுல நாலு நர்மதா இருக்காங்கம்மா. ஊரு இவளைக் கண்ணை வச்சா அடையாளம் சொல்லிச்சு? கரும்பல்லு நர்மதான்னுதானே சொல்லிச்சு. அந்தப் பேரு போகணும்னுதான் நான்…" அதற்குமேல் பேச்சு வரவில்லை. முன்பே சொன்னேனே, வாய் கிடையாது.

பாஸ்வேர்டைக் கேட்டான். கொடுக்கவில்லை. கோபத்தில் இருக்கிறவன் கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பதா? "சரி, பேஜை நீங்களே வச்சுக்குங்க," என்றான். மறுவாரம் மருத்துவமனையை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டான்.

பக்கம் இருக்கிறது. நான்தான் வைத்திருக்கிறேன். பண்டிகை நாள் வாழ்த்துகள் போடுகிறேன். அந்தப் படமா? இருக்கிறது. ஏன் எடுக்க வேண்டும்? இன்றும் அதைப் பார்க்க வருகிறார்கள்.

அவன் எங்கே போனான் என்று யாரும் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தேன். பல் மருத்துவ ரீல்களாகப் பார்ப்பவள் அல்லவா, அதனால் அவைதான் எனக்கு வரிசையாக வரும். ஒரு நாள் கோயம்புத்தூரிலிருந்து ஒன்று வந்தது. நீங்கள் எடுத்ததாகத்தான் இருக்கும். மருத்துவரின் முகமே இல்லை. நீலக் கையுறை போட்ட இரண்டு கைகள், ஒரு குழந்தையின் வாய். இடக்கையால் கருவியைப் பிடித்து, சுண்டுவிரலைக் குழந்தையின் கன்னத்தில் ஊன்றியிருந்தான். சின்ன வயதில் அந்த இடக்கைப் பழக்கத்தை மாற்ற நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். முகத்தைக் காட்டாவிட்டால் எனக்குத் தெரியாமல் போய்விடுமா?

தேடிப் பிடித்தேன். மையத்துக்குப் பெயர் வைத்திருக்கிறான் பாருங்கள், வெறும் ஊர்ப்பெயர். பலகையில் தன் பெயர் இல்லை. உரிமையாளர் அவன்தான் என்பது எங்கேயோ மூலையில் இருக்கிறது. இப்படியும் ஒருவன் தொழில் செய்வானா?

ஆகவே ரிவ்யூ எழுதினேன். பொய்யாக எழுதவில்லை, என் கடைவாய்ப் பல்லை அவன்தான் புதுக்கோட்டையில் சரிசெய்தான். இன்றுவரை ஒரு கூச்சம் இல்லை. அதைத்தான் எழுதினேன், என் பெயரிலேயே. பதில் வந்தது. எங்கள் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்று. முதல் மாதம் நம்பவில்லை. அவன் இவ்வளவு பேசுகிறவன் இல்லை. ஆனால் அடுத்த மாதமும் வந்தது. அதற்கு அடுத்த மாதமும். மனிதர்கள் மாறுவார்கள் அல்லவா? தொழில் பெருகினால் பேச்சும் வரலாம் அல்லவா?

இப்போது சொல்லுங்கள். அவனா, நீங்களா?

சொல்லாமல் திரையை ஏன் என் பக்கம் திருப்புகிறீர்கள்? கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். இருங்கள்.

இது என்ன, எல்லாப் பெயருக்கும் கீழே இதே பதில் இருக்கிறது? நன்றி, அவசியம் வாருங்கள், கதவு திறந்திருக்கும். இவருக்கும் அதே. இந்த அம்மாளுக்கும் அதே. ஓ. ஐந்து நட்சத்திரத்துக்கும் நான்கு நட்சத்திரத்துக்கும் தானாகவே போய்விடுமா? டாக்டருக்கு அனுப்புவதே இல்லையா?

அப்படியானால் நான் எழுதியதை அவன் பார்த்ததே இல்லை.

நீங்கள் எழுதிய வாக்கியமா இது? சுமாராக இருக்கிறது. 'தங்கள்' என்று தொடங்கி 'எங்கள்' என்று முடித்திருக்கிறீர்கள், பரவாயில்லை.

வேண்டாம், தண்ணீர் வேண்டாம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். தொழில்முறையில் ஒரு ஐயம் மட்டும் கேட்கிறேன். ஒரு நட்சத்திரம் கொடுத்தால் யார் பதில் எழுதுவது?

டாக்டரேவா?

ஒன்றும் இரண்டும் வந்தால் உடனே அவனுக்குப் போய்விடும், அவனே தன் கையால் எழுதுவான், வேறு யாரையும் எழுத விடமாட்டான் என்றா சொல்கிறீர்கள்? எத்தனை குறையானாலும்? ஒவ்வொருவருக்கும்? மன்னிப்புக் கேட்டா எழுதுகிறான்? காட்டுங்கள். 'உங்களுக்கு வலித்ததற்கு வருந்துகிறேன். என் தவறு. நேரில் வந்தால் பார்க்கிறேன்.' ஆம். இது அவன்தான். இவ்வளவுதான் பேசுவான்.

தவறே செய்யாமல் இப்படி எழுதினால் பிராண்டு என்னாவது!

என் கைபேசியைக் கொடுங்கள். இந்த நட்சத்திரங்களை எங்கே மாற்றுவது? ஐந்தின் மேல் இருக்கிறது… ஆம், ஒன்றை அழுத்திவிட்டேன். அடுத்து ஒரு கட்டம் கேட்கிறது. 'உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்.' காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதாமல் மதிப்பெண் குறைத்தவள் அல்ல நான், வாழ்நாளில் ஒரு தாளில்கூட.

குறைதான் எழுத வேண்டும் என்று இல்லையா? மனத்தில் இருப்பதையா? மனத்தில் இருப்பதைத்தானே இவ்வளவு நேரமாக உங்களிடம் சொன்னேன். அதில் அவனிடம் நான் சொல்ல வேண்டியது என்று என்ன இருக்கிறது?

என்ன வார்த்தை அது? நீங்கள் சின்னப் பெண். அதை நான் எழுதுவதாக இல்லை. எழுதுவதற்கு நான் என்ன செய்துவிட்டேன்?

உங்களுக்கு உணவு நேரம் ஆகியிருக்கும். போய்ச் சாப்பிடுங்கள். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். எதையும் தொட மாட்டேன். பல் வலிக்கவில்லை. கூச்சம் இல்லை. காக்கவைக்கவில்லை. அதிகம் வாங்கவில்லை, எதுவுமே வாங்கவில்லை. கை நடுங்கியதில்லை. கடிந்து பேசியதில்லை. அன்றைக்குக்கூட என்னிடம் குரலை உயர்த்தவில்லை.

ஏதாவது ஒரு குறை இருக்கும். யாரிடம்தான் இல்லை? போய்வாருங்கள், யோசித்துக்கொண்டிருக்கிறேன்.